சதுரச் சட்டமும் தாவரக் கணிப்பும்

ஒரு நிலப்பரப்பிலே எந்தத் தாவரம் மிகுந்துள்ளது, எது அருகியுள்ளது, எது முற்றாக இல்லை என்னும் வினாக்களுக்கு விடை கூறுவதற்குக் கண்களும் ஓரளவு அனுபவமும் போதுமென்றே நம்மிற் பலர் எண்ணிவருகின்றோம். தாவரவியல் பயின்றோரும் இவ்வெண்ணத்துக்கு விலக்கானவரல்லர். செடிகொடிகளைச் சேகரித்து, உலர்த்திப் பெயரிட்டு, அவற்றின் அருகே 'மிகுதி', 'சாதாரணம்', 'அரிது' எனக் குறிப்பெழுதிவைப்பது நெடுங்கால வழக்கம். அக்குறிப்புகளின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், 'மிகுதி' என்பது எத்தனையைக் குறிக்கின்றது என்று வினவினால், அதனை எழுதியவரிடமும் திட்டமான விடை இராது. அவ்வினாவுக்கு எண்ணால் விடை காண உதவுகின்ற மிக எளிய கருவியொன்றைப் பற்றியே இக்கட்டுரை ஆராய்கின்றது. நான்கு மரச் சட்டங்களையோ கம்பிகளையோ சதுரமாகப் பொருத்தி நிலத்தில் வைத்து, அதனுள் வேரூன்றியுள்ள தாவரங்களை எண்ணுவதே இம்முறை. ஆங்கிலத்திலே குவாட்றற் எனப்படும் இக்கருவியை நாம் சதுரச் சட்டம் என வழங்குவோம். கருவி எளிது, அதனை நேர்மையாகக் கையாளுதல் எளிதன்று. கருவியைச் செய்யும் விதத்தை விடுத்து, அது எவ்விடங்களில் நம்மை ஏமாற்றக்கூடும் என்பதையே நாம் இங்கு பெரிதும் கவனிப்போம்.

சட்டம் என்ற பெயர் தாவரவியலிலே வழங்குவதற்கு முன்னரே அதன் பயனை உணர்ந்தவர்களுள் சார்ள்ஸ் டார்வின் ஒருவர். 1859 இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலிலே, இங்கிலாந்தின் சறே மாவட்டத்தில் பார்ணம் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள தரிசு வெளிகளைப் பற்றி அவர் எழுதுகின்றார். ஹீத் எனப்படும் குறுஞ்செடிகள் மண்டிய அவ்வெளிகளில், தொலைவிலுள்ள குன்றுகளின் உச்சிகளிலே மட்டும் சில முதிய பைன் மரங்கள் நின்றன. வேலியிடப்பட்ட பகுதிகளிலோ, எவரும் விதைக்காமலே பைன் கன்றுகள் நெருங்கி வளர்ந்திருந்தன. வேலியிடாத வெளியில் ஏறக்குறைய நூற்றுக்கணக்கான ஏக்கரை நோக்கியபோதும் பழைய மரங்களைத் தவிர ஒரு பைன் மரமேனும் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆனால் குறுஞ்செடிகளின் தண்டுகளுக்கிடையே குனிந்து பார்த்தபோது, கால்நடைகள் இடைவிடாது மேய்ந்தமையால் தலையெடுக்க இயலாது போன எண்ணற்ற நாற்றுகளும் சிறு மரங்களும் அங்கே இருந்தன. ஒரு சதுர யார் நிலத்திலே 32 சிறு மரங்களை அவர் எண்ணினார். அவற்றுள் ஒன்று 26 வளர்ச்சி வளையங்களைக் கொண்டிருந்தது. அதாவது கால் நூற்றாண்டுக்கு மேலாக அம்மரம் குறுஞ்செடிகளின் உயரத்தைத் தாண்ட முயன்று தோற்றிருந்தது.

நின்று நோக்கியபோது பூச்சியம். குனிந்து எண்ணியபோது 32. பார்த்தலுக்கும் எண்ணுதலுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது. ஆனால் இவ்வுதாரணத்திலேயே இம்முறையின் குறைபாடும் அடங்கியுள்ளது. அந்த ஒரு சதுர யார் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டது என்பது நூலிலே விளக்கப்படவில்லை. ஓர் ஏக்கரில் 4,840 சதுர யார்கள் உள்ளன. டார்வினின் எண்ணிக்கையைப் பெருக்கி, ஏக்கரொன்றில் 1,54,880 பைன் கன்றுகள் இருந்தன என எவரேனும் கூறுவாராயின் அது வெறும் கற்பனையாகவே முடியும். டார்வின் அவ்வாறு பெருக்கவில்லை. கன்றுகள் உள்ளன, அவற்றை அடக்கி வைத்திருப்பது கால்நடை என்று காட்டுவதே அவரது நோக்கம். அதற்கு ஒரு சதுர யாரே போதுமாயிருந்தது. 'உண்டா?' என்ற வினாவுக்கு ஒரு சட்டம் போதலாம். 'எவ்வளவு?' என்ற வினாவுக்கு ஒருபோதும் போதாது.

'எவ்வளவு?' என்ற வினாவை முறைப்படி எழுப்பியவர்கள் வட அமெரிக்காவின் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்திலே சார்ள்ஸ் பெஸ்ஸியின் மாணவராயிருந்த றொஸ்கோ பவுண்ட், பிரெடெறிக் கிளெமென்ற்ஸ் என்னும் இருவராவர். பவுண்ட் பின்னாளிலே சட்டத்துறைக்குச் சென்று, 1916 முதல் 1936 வரை ஹாவாட் சட்டக் கல்லூரியின் தலைவராக விளங்கியவர். சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் பயிற்சியை அவர் புல்வெளியிலேயே பெற்றார் போலும். 1898 இல் இவர்கள் நெப்ராஸ்காவின் தாவரப் புவியியல் பற்றிய நூலையும், புல்வெளியின் துணைநிலை இனங்களின் மிகுதியைத் துணிவதற்கான முறை பற்றிய கட்டுரையையும் வெளியிட்டனர். பக்கம் ஐந்து மீற்றர் கொண்ட சதுரங்களைப் புல்வெளியிலே குறித்து, அவற்றினுள் நின்ற செடிகளை ஒவ்வொன்றாக எண்ணினர். பல ஆண்டுகள் அப்புல்வெளிகளிலே அலைந்து பழகிய தம் கண்கள் தந்த மதிப்பீடுகள் எண்ணிக்கையோடு ஒவ்வாதிருப்பதை அவர்களே கண்டு, அதனை ஒளிக்காது எழுதினர்.

கண் ஏன் பிழைக்கின்றது என்பதை ஊகித்தல் கடினமன்று. நிறமுள்ள பூக்களைத் தாங்கிய செடி, பூக்காத பத்துச் செடிகளை மறைத்துவிடுகின்றது. உயரமானது குட்டையானதை மறைக்கின்றது. கூட்டமாக வளர்வது நினைவில் நிற்கின்றது. தனித்தனியே சிதறி வளர்வது நினைவினின்றும் நழுவுகின்றது. மேலும் நாம் நடப்பது பெரும்பாலும் பாதையோரமாகவே. பாதையோரத்துத் தாவரங்களோ காலடியையும் கால்நடையையும் தாங்கக்கூடியவை. உள்நிலத்துத் தாவரங்களின் பிரதிநிதிகள் அல்ல.

இனிச் சட்டத்தை எங்கே வைப்பது என்பதை நோக்குவோம். பள்ளிக்கூடக் களப்பயிற்சிகளிலே சட்டத்தைத் தோளுக்கு மேலாகப் பின்புறம் எறியும்படி மாணவருக்குச் சொல்லும் வழக்கம் இன்னும் மறையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தால் பக்கச்சார்பு நீங்கிவிடும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். நாமும் மாணவப் பருவத்தில் அவ்வாறு எறிந்தவர்களே. ஆனால் எறிபவர் முட்புதருக்கு முதுகு காட்டி நிற்பதில்லை. சேற்றுக் குழியை நோக்கி எறிவதுமில்லை. சட்டம் பற்றையிற் சிக்கினால் 'மறுபடியும் எறி' என்கிறோம். இவ்வாறாக, முட்பற்றையில் வாழும் தாவரம் கணக்கினின்றும் சத்தமின்றி நீங்கிவிடுகின்றது. தற்செயலாக நிகழ்வது வேறு, எழுமாறாகத் தெரிவது வேறு. எழுமாற்றுத் தெரிவு என்பது நிலத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சட்டத்தினுள் அகப்படச் சம வாய்ப்பு அளிப்பதாகும். அதற்கு நிலத்தின் இரு பக்கங்களிலே அளவுநாடாக்களை விரித்து, எழுமாற்று எண் அட்டவணையினின்று இரண்டிரண்டாக எண்களை எடுத்து, முதலெண்ணை ஒரு நாடாவிலும் இரண்டாமெண்ணை மற்றதிலும் குறித்து, அவை சந்திக்குமிடத்திலே சட்டத்தை வைக்கவேண்டும். அவ்விடம் முட்பற்றையாயின் பற்றைக்குள்ளேயே புகவேண்டும்.

நேர்மையாகத் தெரிவேன் என்ற உறுதி மட்டும் இங்கு போதாது. 1936 இல் கொக்ரன், வட்சன் என்னும் இருவர் கோதுமைத் தண்டுகளின் உயரத்தை அளக்கும்போது பார்வையாளரின் சாய்வு எவ்வளவு என்பதை ஒரு பரிசோதனையால் ஆராய்ந்தனர். பயிற்சி பெற்றவர்கள் தம் கண்ணால் 'சராசரியானவை' எனத் தெரிந்த தண்டுகள், எழுமாறாகத் தெரியப்பட்டவற்றோடு ஒத்துவரவில்லை. ஏமாற்றும் எண்ணம் எவருக்கும் இருந்ததில்லை. மனித மனம் தான் எதிர்பார்ப்பதையே தேடிச் செல்கின்றது. அட்டவணைக்கு எதிர்பார்ப்பு இல்லை.

ஆயினும் எழுமாறு என்பதையும் ஒரு மந்திரமாகக் கொள்ளலாகாது. ஊவாவின் பற்றனைப் புல்நிலம் ஒன்றிலே முகடும் சரிவும் ஈரப் பள்ளமும் இருக்குமாயின், பள்ளம் மொத்த நிலத்தின் சிறு பங்காகையால் எழுமாற்றுப் புள்ளிகள் ஒன்றேனும் அதில் விழாமற் போகலாம். ஆதலால் நிலத்தை முதலில் இயல்புக்கேற்பப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் எழுமாறாகத் தெரிதலே தக்கது. யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையிலே நீர்விளிம்பில் கண்டலும், அதையடுத்து உமரி போன்ற உவர்நிலச் செடிகளும், அப்பால் புல்லுமாகத் தாவரங்கள் ஓர் ஒழுங்கில் மாறிச் செல்லுமிடத்து, நீரிலிருந்து உள்நிலம் நோக்கி ஒரு கயிற்றை நேராகக் கட்டி, அதன் வழியே குறித்த இடைவெளிகளில் சட்டத்தை வைத்துச் செல்வதே பொருத்தமாகும். எதனை அறிய விரும்புகின்றோம் என்பதே இடத்தைத் தீர்மானிக்கின்றது.

எதனை எண்ணுவது என்பதும் எளிதான வினாவன்று. தும்பையையோ நாயுருவியையோ ஒன்று, இரண்டு என எண்ணிவிடலாம். கோரையை எவ்வாறு எண்ணுவது? நிலத்தின் மேலே தனித்தனிச் செடிகளாகத் தோன்றுபவை நிலத்தின் கீழே கிழங்குகளாலும் மெல்லிய தண்டுகளாலும் தொடுக்கப்பட்ட ஒரே தாவரமாயிருக்கலாம். அறுகு கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்கின்றது. ஒரு தாவரம் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகின்றது என்பதை அறுகே அறியும். இத்தகையவற்றுக்கு எண்ணிக்கையை விடுத்து, சட்டத்தின் பரப்பில் எத்தனை வீதத்தை அத்தாவரம் மூடுகின்றது என மதிப்பிடுகின்றனர். இது விரைவானது, ஆனால் கண் மீண்டும் உள்ளே நுழைகின்றது. ஒரே சட்டத்தை இருவர் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது, நாம் கண்டவரையில், மாணவருக்கு அளிக்கக்கூடிய மிகப் பயனுள்ள முதற் பாடம்.

மூன்றாவது அளவு மீடிறன் எனப்படும். வைத்த சட்டங்களுள் எத்தனை வீதத்தில் ஓர் இனம் காணப்பட்டது என்பதே அது. ஒவ்வொரு சட்டத்திலும் 'உண்டு', 'இல்லை' என்று குறித்தாற் போதுமாகையால் களத்திலே பெரிதும் விரும்பப்படுவது. ஆனால் மூன்றனுள்ளும் அதிகம் ஏமாற்றுவதும் இதுவே. அடர்த்தி சட்டத்தின் அளவைச் சார்ந்ததன்று. மீடிறனோ முற்றிலும் அதனையே சார்ந்தது. சட்டம் பெரிதானால் மீடிறனும் பெரிதாகும். டென்மார்க்கு நாட்டுத் தாவரவியலாளர் றவுன்கியர் ஒரு சதுர மீற்றரின் பத்திலொரு பங்கு பரப்புடைய வட்டங்களைப் பயன்படுத்தி, இனங்களை மீடிறனுக்கேற்ப ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார். மிகக் குறைந்த வகுப்பிலே பெரும்பாலான இனங்களும், மிக உயர்ந்த வகுப்பிலே சிறிய ஏற்றமும் காணப்படுவதை ஒரு விதியாகவே அவர் கூறினார். 1929 இல் அமெரிக்கரான ஹென்றி கிளீசன் இவ்விதியை ஆராய்ந்தபின், சட்டத்தின் அளவை மாற்றினால் வகுப்புகளின் அமைப்பும் மாறும் என்பது தெளிவாயிற்று. இயற்கையின் விதி எனக் கருதப்பட்டதிற் பெரும் பங்கு அளவுகோலின் விதியாயிருந்தது. எனவே மீடிறனைக் கூறுவோர் சட்டத்தின் அளவையும் உடன் கூறவேண்டும். கூறாவிடின் அவ்வெண் பொருளற்றது.

அளவைப் பற்றிப் பொதுவாகக் கூறுவதாயின், புற்களுக்கும் சிறு பூண்டுகளுக்கும் பக்கம் அரை மீற்றரோ ஒரு மீற்றரோ கொண்ட சட்டமும், பற்றைகளுக்கு நான்கைந்து மீற்றரும், மரங்களுக்குப் பத்து முதல் இருபது மீற்றர் வரையும் வழக்கிலுள்ளன.

சில எண்களை எடுத்துக்கொண்டு மேலே செல்வோம். இவை விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்ட எண்களே. ஒரு நிலத்திலே பத்துச் சட்டங்களில் ஒரு செடி முறையே 4, 6, 5, 3, 7, 5, 4, 6, 5, 5 எனக் காணப்பட்டது. இன்னொரு நிலத்திலே 0, 0, 18, 0, 1, 0, 22, 9, 0, 0 எனக் காணப்பட்டது. இரண்டிலும் மொத்தம் 50. சட்டமொன்றுக்கு இடை 5. இடையை மட்டும் அறிக்கையிலே எழுதினால் இரு நிலங்களும் ஒன்றே. ஆனால் முதலாவதில் மாறற்றிறன் 1.3; இரண்டாவதில் 71.1. செடிகள் எழுமாறாகச் சிதறியிருப்பின் மாறற்றிறன் இடைக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும் என்பது புள்ளியியலார் கூற்று. முதல் நிலத்திலே அது இடையிலும் மிகக் குறைவு. ஆகவே செடிகள் நட்டுவைத்தாற்போல ஒழுங்காகப் பரந்துள்ளன. இரண்டாவதிலே இடையின் பதினான்கு மடங்கு. ஆகவே அவை கூட்டங் கூட்டமாக உள்ளன. மீடிறனும் முதலாவதில் 100 வீதம், இரண்டாவதில் 40 வீதம். நியம வழுவைக் கணித்தால், முதல் நிலத்தின் இடையை 5 உடன் 0.4 கூடியோ குறைந்தோ என்றும், இரண்டாவதை 5 உடன் 2.7 கூடியோ குறைந்தோ என்றும் எழுதவேண்டும். அதாவது இரண்டாவது நிலத்தைப் பற்றி நாம் அறிந்தது மிகச் சொற்பம்; பத்துச் சட்டங்கள் அதற்குப் போதா. தாவரங்கள் இயற்கையிலே பெரும்பாலும் கூட்டமாகவே வளர்கின்றன. விதைகள் தாயின் அடியிலே விழுகின்றன. வேர்த்தண்டுகள் அருகருகே முளைவிடுகின்றன. ஈரமும் உப்பும் திட்டுத்திட்டாகவே உள்ளன. எனவே இரண்டாவது நிலமே வழமை.

இதனோடு தொடர்புடையதும், சமூக முக்கியத்துவம் மிக்கதுமான வினா 'இல்லை' என்று எப்போது சொல்லலாம் என்பதாகும். எழுமாறாக வைக்கப்படும் நூறு சட்டங்களுள் ஐந்தில் அகப்படக்கூடிய ஓர் இனத்தை எடுத்துக்கொள்வோம். பத்துச் சட்டங்களை மட்டும் வைத்தால் அது ஒன்றிலேனும் அகப்படாமற் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 60 வீதம். இருபது சட்டங்களை வைத்தாலும் 36 வீதம். இவ்வாய்ப்பை ஐந்து வீதத்துக்குக் கீழே கொணர்வதற்கு 59 சட்டங்கள் வேண்டும். இலங்கையிலே தேசிய சுற்றாடற் சட்டத்துக்கு 1988 இல் செய்யப்பட்ட திருத்தம், குறித்த பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அத்தகைய அறிக்கைகளில் 'இந்நிலத்தில் அரிய தாவர இனங்கள் எவையும் காணப்படவில்லை' என்று ஒரு வசனம் வருமாயின், வாசகர் கேட்கவேண்டிய முதல் வினா, எத்தனை சட்டங்கள், எவ்வளவு பெரியவை, எவ்வாறு தெரியப்பட்டவை, எந்தப் பருவத்தில் என்பதே. மாரியிலே முளைத்துக் கோடையிலே மறையும் பூண்டைப் புரட்டாதியிலே தேடுவோர் அதனைக் காணமாட்டார். காணவில்லை என்பது உண்மையாயிருக்கும். இல்லை என்பது பொய்யாயிருக்கும். காடொன்று வெட்டப்படுவதும் விடப்படுவதும் இவ்விரு சொற்களுக்கிடையேயுள்ள இடைவெளியிலே தங்கியிருக்கக்கூடும்.

சட்டத்தின் விளிம்பைப் பற்றி இதுவரை நாம் பேசவில்லை. விளிம்பிலேயே நிற்கும் செடியை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா? அற்பமாகத் தோன்றும் இவ்வினா, தாவரவியலை விட்டு வேளாண்மைக்குச் செல்லும்போது அரிசியையும் பட்டினியையும் தொடுகின்றது. பயிரின் விளைவை மதிப்பிடுவதற்கும் இதே முறையே கையாளப்படுகின்றது. வயலிலே சிறு பரப்பொன்றைக் குறித்து, அதனுள் நிற்பதை அறுத்து நிறுத்து, முழுப் பரப்புக்கும் பெருக்குகின்றனர். இலங்கையின் நெல் விளைவு மதிப்பீடுகளும் இத்தகைய மாதிரி அறுவடையையே அடிப்படையாகக் கொண்டவை.

வங்காளத்திலே 1937 முதல் சணற் பயிர் பற்றிய பெரும் மாதிரி ஆய்வுகளை நடத்தியவர் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தாபகரான மகாலனோபிஸ். மாதிரிப் பரப்பு சிறிதாகச் சிறிதாக, ஏக்கருக்குரிய விளைவு உயர்ந்துகொண்டு போவதை அவரும் அவருடைய குழுவினரும் பயிர் அறுவடைகளிலே கண்டனர். 1946 இல் சுகாத்மே 'நேச்சர்' இதழிலே இதே சாய்வைப் பற்றி எழுதினார். நிலம் மாறவில்லை, பயிர் மாறவில்லை. சட்டம் சிறுக்க விளைவு பெருகியது. காரணம் விளிம்பே. அறுப்பவர் கோட்டின் மேல் நிற்கும் செழித்த பயிரை வெளியே விட மனமின்றி உள்ளே சேர்த்துவிடுகின்றார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சதமமீற்றர் அளவுக்கு எல்லை வெளியே தள்ளப்படுவதாகக் கொள்வோம். பக்கம் ஐந்து மீற்றரான சதுரத்தில் இதனால் வரும் மிகை ஒரு வீதத்திலும் குறைவு. பக்கம் ஒரு மீற்றராயின் நான்கு வீதம். பக்கம் 25 சதமமீற்றராயின் 16 வீதத்துக்கும் மேல். பரப்புக் குறையும்போது அதனோடு ஒப்பிட விளிம்பின் நீளம் கூடுவதே இதன் கணிதம். எத்தனை ஆயிரம் சட்டங்களை வைத்தாலும் இப்பிழை குறையாது என்பதை இங்கு கவனிக்கவேண்டும். எழுமாற்றுப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஒரே பக்கம் சாயும் பிழைகளோ ஒன்றோடொன்று கூடுகின்றன.

தீர்வு குறித்து இந்திய அறிஞரிடையே உடன்பாடு இருக்கவில்லை. பெரிய பரப்புகளே வேண்டும் என்றார் சுகாத்மே. பயிற்சி பெற்ற தனி ஊழியரைக் கொண்டு சிறிய பரப்புகளையே பல இடங்களில் எடுக்கலாம் என்பது மகாலனோபிசின் நிலைப்பாடு. இது வெறும் கணித வாதமன்று. வருமானத் திணைக்களத்தின் கிராம அலுவலரே அறுத்து நிறுப்பதா, புள்ளியியல் நிறுவனத்தின் ஊழியரா என்ற நிருவாக வாதமும் அதனுள் இருந்தது. உணவு இறக்குமதி, கொள்வனவு ஆகியவை பற்றிய முடிவுகள் இவ்வெண்களிலே தங்கியிருந்தன. மிகையான விளைவெண் ஒன்று, இல்லாத நெல்லை ஏட்டிலே விளைவித்துவிடும். ஆயினும் 1943 இன் வங்கப் பஞ்சத்தை எண்ணிக்கைப் பிழையின் விளைவாக மட்டும் காண்பது தவறு. அவ்வாண்டின் உணவிருப்பு முந்திய ஐந்தாண்டுச் சராசரியிலும் ஏறத்தாழ ஐந்து வீதமே குறைவு என்றும், பஞ்சமில்லாத 1941 ஐ விட 13 வீதம் கூடுதல் என்றும் அமார்த்தியா சென் 1981 இல் எடுத்துக்காட்டினார். வயலிலே எவ்வளவு நின்றது என்பதைச் சட்டம் கூறும். அது யார் வீட்டுப் பானையைச் சென்றடைந்தது என்பதை அது கூறாது.

விளிம்புப் பிழைக்குத் தாவரச் சூழலியலார் கையாளும் பரிகாரம் மிக எளியது. வடக்கு விளிம்பிலும் மேற்கு விளிம்பிலும் படுபவை உள்ளே, தெற்கிலும் கிழக்கிலும் படுபவை வெளியே எனக் களத்துக்குப் போகுமுன்னரே முடிவு செய்துகொள்வர். எந்தத் திசைகள் என்பது முக்கியமன்று; செடியைக் கண்டபின் முடிவு செய்யாதிருத்தலே முக்கியம். அதேபோல் வேர் உள்ளே இருப்பின் உள்ளே என்று கொள்வதா, இலை உள்ளே நீண்டாலும் உள்ளே என்று கொள்வதா என்பதும் முன்கூட்டியே துணியப்படவேண்டும்.

சட்டத்தை எடுத்துவிடாமல் அதே இடத்தில் நிலையாக விட்டு, ஆண்டுதோறும் மீண்டும் எண்ணுவது இம்முறையின் இன்னொரு வளர்ச்சி. கிளெமென்ற்ஸ் 1905 இல் எழுதிய ஆய்வுமுறை நூலிலேயே நிலையான சட்டங்களைப் பற்றிக் கூறியுள்ளார். 1934 இன் கொடும் வரட்சி வட அமெரிக்கப் புல்வெளிகளைத் தாக்கியபோது, நெப்ராஸ்காவின் வீவரும் அவரது சகாவான அல்பேட்சனும் நிலையான சதுரங்களின் வரைபடங்களை ஒப்பிட்டு, எந்தப் புல் மடிந்தது, எது அதன் இடத்தைப் பிடித்தது என்பதைக் காட்ட முடிந்தது. முன்பு பரந்திருந்த சிறு நீலத்தண்டுப் புல் பேரளவில் அழிந்தது. மேற்குக் கோதுமைப் புல் பரவியது. முன்னைய வரைபடங்கள் இல்லாதிருந்தால், 'புல் குறைந்தது' என்பதற்கு மேல் எதுவும் சொல்லியிருக்க இயலாது. கருவி ஒன்றாயினும் கொள்கை ஒன்றல்ல என்பதையும் ஈண்டு குறிப்பிடல் தகும். தாவரக் கூட்டத்தை ஓர் உயிரியைப் போன்றதெனக் கருதினார் கிளெமென்ற்ஸ். ஒவ்வோர் இனமும் தன் போக்கிலே வாழ்ந்து தற்செயலாக ஒன்றுசேர்வதே கூட்டம் என்று 1926 இல் வாதிட்டார் கிளீசன். இருவரும் சதுரச் சட்டத்தையே கையாண்டவர்கள்.

எமது நாட்டிலே இம்முறையின் மிக விரிந்த எடுத்துக்காட்டு சிங்கராசவிலே உள்ளது. 1970 களிலே ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டப்பட்ட காடு அது. பொதுமக்களதும் அறிஞரதும் எதிர்ப்பினால் வெட்டுதல் நிறுத்தப்பட்டு, 1988 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள மரங்களிலே 60 வீதத்துக்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை என்ற கூற்று அவ்வறிவிப்புக்கான நியாயங்களுள் ஒன்று. நின்று வியந்தோர் பலராயினும், அந்த வீதத்தைக் கூறுவதற்கு எவரேனும் எண்ணியிருக்கவேண்டும் என்பது வெளிப்படை. 1993 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாவித்திரி குணதிலக்க, நிமல் குணதிலக்க ஆகியோரும் வனத் திணைக்களமும் சிமித்சோனியன் நிறுவனத்துடன் சேர்ந்து அங்கே 25 ஹெக்டேயர் பரப்பிலே நிலையான ஆய்வுநிலம் ஒன்றை அமைத்தனர். பக்கம் 500 மீற்றரான அந்நிலம், பக்கம் 20 மீற்றரான 625 சதுரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மார்பளவு உயரத்திலே ஒரு சதமமீற்றர் விட்டத்தை எட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் கன்றுக்கும் எண்பலகை கட்டப்பட்டு, இனமும் விட்டமும் இடமும் பதியப்பட்டன. அவ்வாறு பதியப்பட்டவை இரண்டு இலட்சத்துக்கும் மேல். இனங்கள் இருநூற்றுக்கும் மேல்.

நிலம் கடல்மட்டத்திலிருந்து 424 மீற்றர் முதல் 575 மீற்றர் வரை ஏறி இறங்குவது. முகட்டுக்குரிய இனங்களும் பள்ளத்துக்குரிய இனங்களும் தனித்தனியே உள்ளன என்பதும், பெரும்பாலான இனங்கள் ஏதேனுமொரு நிலவமைப்பைச் சார்ந்தே காணப்படுகின்றன என்பதும் அப்பதிவுகளிலிருந்து பெறப்பட்டன. ஒரே சாதியைச் சேர்ந்த தூண் வகை மரங்கள்கூடச் சில முகட்டையும் சில தாழ்சரிவையும் நாடுகின்றன. வெட்டிய காட்டை மீள நடுவோர்க்கு எந்த மரத்தை எங்கே நடுவது என்பதை இது தெரிவிக்கின்றது; பாதையிலே நின்று பார்த்தோர் இதனைச் சொல்லியிருக்க இயலாது.

எனினும் இங்கே மாதிரி எடுத்தல் முற்றாக ஒழிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. 25 ஹெக்டேயருக்குள் எல்லாமே எண்ணப்பட்டுள்ளன. ஆனால் உலக மரபுரிமைப் பரப்போ 8,864 ஹெக்டேயர். அப்பெரும் பரப்பை நோக்க ஆய்வுநிலம் முழுவதும் ஒரேயொரு சட்டமே. அதன் பங்கு நூற்றுக்குக் கால் வீதத்தைச் சற்றே தாண்டுகின்றது. காட்டின் ஏனைய சரிவுகளைப் பற்றிப் பேச விரும்புவோர், எழுமாற்று எண் அட்டவணையோடும் சிறிய சட்டங்களோடும் மீண்டும் அட்டைகள் நிறைந்த அந்தச் சரிவுகளிலேயே ஏறவேண்டியவராகின்றனர்.